நைனாவுக்கு ஆகாதவை

போன ஞாயிற்றுக்கிழமை உருளைக்கிழங்கு வறுவல் செய்துகொண்டிருந்தேன். கிழங்கைச் சின்னதாக நறுக்கி, வெந்நீரில் ஊறப்போட்டு, அந்தத் தண்ணீரைக் கொட்டினேன். மறுபடி நிறையத் தண்ணீர் வைத்து வேகவிட்டு, அதையும் தொட்டியில் வடித்துக்கொண்டிருந்தபோது என் கணவர் பின்னால் வந்து நின்றார். "கல்யாணமானதுலேர்ந்து பாக்கறேன், கெழங்க ரெண்டு தடவ கொல்ற. ஒரு தடவ செத்தா போதாதா அது?" என்றார். நான் சிரித்துவிட்டேன். அவர் சொல்வது சரிதான். ருசியையெல்லாம் சாக்கடைக்கு அனுப்பிவிட்டு, சக்கையில் மிளகாய்த்தூளைத் தடவி அவருக்குப் போடுகிறேன். வடித்த தண்ணீரின் ஆவி முகத்தில் அடித்தது. வெந்த கிழங்குத் தண்ணீருக்கு ஒரு மண்வாசனை உண்டு, உங்களுக்கும் தெரிந்திருக்கும். இத்தனை வருஷம் கழித்தும் அந்த வாசனை எனக்குப் பயத்தின் வாசனைதான்.

அப்போது நான் உத்திரமேரூர் பஜாரில் ஒரு மளிகைக் கடையில் பில் போடும் வேலையில் இருந்தேன். பஜாரிலிருந்து ஷேர் ஆட்டோவில் போகிற தூரத்தில் எங்கள் கிராமம். வீட்டில் நைனா, அம்மா, நான், தங்கை பவானி. அப்பாவை எங்கள் பக்கம் நிறையப் பேர் நைனா என்றுதான் கூப்பிடுவோம். சனிக்கிழமை எனக்குச் சம்பளம், ஞாயிற்றுக்கிழமை அம்மாவோடு பஜார். ஒரு வாரத்துக்கு என்ன வாங்குவது, என்ன சமைப்பது என்பதெல்லாம் ஆட்டோவில் போகும்போதே முடிவாகிவிடும். முதலில் வாங்குகிற தக்காளி வியாழக்கிழமை வரை தாங்கும். வெள்ளிக்கிழமைக்கு முருங்கைக்கீரை, அது கொல்லையிலேயே இருக்கிறது. வரப்பில் பொன்னாங்கண்ணி முளைத்துக் கிடக்கும். ஒரு தார் வாழைக்காய் பழுத்தால் ஒரு வாரத்துக் காலை நாஷ்டா கவலை விட்டது. கையில் காசு தீர்ந்தாலும் நிலம் ஏதாவது கொடுக்கும் என்று ஒரு தைரியம் எங்களுக்கு இருந்தது. நைனா நன்றாகச் சாப்பிடுகிறவர். கருவாட்டுக் குழம்பு என்றால் சட்டியை வழித்துத்தான் எழுந்திருப்பார். வயலிலிருந்து வந்ததும் சொம்பை அண்ணாந்து தூக்கினால், தொண்டைக்குள் மடக் மடக் என்று தண்ணீர் இறங்குகிற சத்தம் தெருவுக்குக் கேட்கும்.

அவருக்குக் கால் வீங்க ஆரம்பித்தபோது வரப்பில் முள் குத்தியிருக்கும் என்றுதான் எல்லோரும் நினைத்தோம். பிறகு முகம் வீங்கியது, மூச்சு வாங்கியது. காஞ்சிபுரத்தில் ஆஸ்பத்திரியில் இரண்டு கிட்னியும் போய்விட்டது என்றார்கள். வாரத்துக்கு இரண்டு தடவை மெஷினில் படுக்கவைத்து ரத்தத்தைச் சுத்தம் செய்ய வேண்டும். காப்பீட்டு அட்டையில் அது இலவசம்தான். பஸ்ஸுக்கும் கைச்செலவுக்கும்தான் பணம் போயிற்று. ஆனால் நான் சொல்லவந்த பயம் மெஷினைப் பற்றியது இல்லை. சாப்பாட்டைப் பற்றி விளக்கிச் சொல்ல ஆஸ்பத்திரியில் ஓர் அக்கா இருந்தார். உப்பைக் குறைக்கணும், ஒரு பாட்டிலைக் காட்டி, தண்ணீர் ஒரு நாளைக்கு இதற்கு மேல் கூடாது என்று ஆரம்பித்தார். அப்புறம் பொட்டாசியம் என்றார். அது காய்கறியில், பழத்தில், கீரையில் இருக்கிறதாம். நல்ல கிட்னி அதை வெளியே தள்ளிவிடும். நைனாவுக்குத் தள்ளாது. அது ரத்தத்தில் ஏறினால் வலி தெரியாது, காய்ச்சல் வராது, இதயம் சட்டென்று நின்றுவிடும் என்றார். எந்தெந்தக் காயில் என்று அம்மா கேட்டார். அந்த அக்கா விரல்விட்டுச் சொல்லச் சொல்ல அம்மாவின் முகம் வெளுத்துப்போனது. முருங்கை, கீரை, தக்காளி, உருளைக்கிழங்கு, வாழைக்காய், வாழைப்பழம், சாத்துக்குடி, இளநீர். எங்களுக்கு மண்ணில் சும்மா கிடைத்ததெல்லாம் ஒன்றுகூட விடாமல் அதில் இருந்தது.

பஸ்ஸில் திரும்பி வரும்போது, பாலாற்றுப் பாலம் தாண்டியதும் அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு, "அப்ப இன்னாதான் ஆக்கிப் போடறது?" என்றார். எல்லா வீட்டிலும் தினமும் சலிப்போடு கேட்கிற கேள்விதான். அம்மா அன்றைக்கு அதைக் கேட்ட குரலில் சலிப்பே இல்லை.

அன்றிலிருந்து எங்கள் ஞாயிற்றுக்கிழமை மாறிப்போனது. நைனாவுக்குத் தனியாக, எங்களுக்குத் தனியாக என்று சமைக்கிற அளவுக்கு கேஸும் இல்லை, காசும் இல்லை. அவர் சாப்பிடுவதையே எல்லோரும் சாப்பிடுவது என்று நான் சட்டம் போட்டேன். குறைக்கச் சொன்ன உப்பை அம்மா அடியோடு நிறுத்திவிட்டார். பஜாரில் தக்காளி கூவிக் கூவி விற்கிற வாரத்தில் நாங்கள் கோஸும் சுரைக்காயும் தேடிக்கொண்டிருப்போம். ஆப்பிள் சாப்பிடலாம் என்று சொல்லியிருந்தார்கள். அதுவரை எங்கள் வீட்டுக்கு ஆப்பிள் என்றால் யாராவது ஆஸ்பத்திரியில் படுத்தால் வருகிற சாமான். இப்போது வாரா வாரம் வாங்கவேண்டியிருந்தது. ஒரு பழத்தை நாலாகக் கீறி நாலு நாளைக்கு வைப்பேன். முட்டையில் வெள்ளைக்கரு நல்லது என்றார்கள். வெள்ளையெல்லாம் நைனாவுக்கு, மஞ்சளெல்லாம் எனக்கும் பவானிக்கும். வாரம் முழுக்க மஞ்சள்கருப் பொரியல் சாப்பிட்டுச் சாப்பிட்டு, கோழியைப் பார்த்தாலே பவானி முகத்தைத் திருப்பிக்கொள்ள ஆரம்பித்தாள்.

எந்தக் காயானாலும் நறுக்கி ஊறவைத்து, வேகவைத்து, வடித்துக் கொட்டிவிட்டுத்தான் தாளிக்க வேண்டும். பொட்டாசியம் என்ற பேரை அம்மா வாயால் சொல்லவே மாட்டார். பொழுது சாய்ந்தால் பாம்பைப் பேர் சொல்லிக் கூப்பிடமாட்டோம் இல்லையா, அந்த மாதிரி 'அது' என்றுதான் சொல்வார். "அது எறங்கிச்சா பாரு" என்பார். நான் சட்டிக்குள் எட்டிப் பார்ப்பேன். என்ன தெரியும்? ஆனாலும் பார்ப்பேன். வடித்த தண்ணீரை ஆறவைத்து முருங்கைமரத்தடியில் ஊற்றுவோம். அதைக் குடித்துக் குடித்து அந்த மரம் காய்த்துக் குலுங்கியது. நாங்கள் தொடவில்லை. அக்கம்பக்கத்து வீட்டுக்காரர்கள் அலக்குக் கழி வைத்துப் பறித்துக்கொண்டு போனார்கள்.

நைனா முதல் நாள் ஒரு வாய் போட்டுவிட்டு என்னைப் பார்த்தார். "இன்னாம்மா இது, துணி தோச்ச தண்ணில வேகவெச்ச மாரி கீது" என்றார். ஆனால் மீதி வைக்காமல் சாப்பிட்டார். உப்பில்லாத சோற்றை அவ்வளவு பொறுமையாக அவர் மென்றதைப் பார்க்கத்தான் முடியவில்லை.

தண்ணீர்தான் அவரை வதைத்தது. அந்தப் பாட்டில் தண்ணீரை நாள் முழுக்கப் பங்கு போட்டுக் குடிப்பார். வாய் கொப்பளித்துத் துப்பட்டுமா என்று கேட்பார். சரி என்றால், அவர் கொப்பளிக்கும்போது நான் அவர் தொண்டையையே பார்த்துக்கொண்டு நிற்பேன், விழுங்குகிறாரா என்று. கடையில் வருகிறவர்களுக்கெல்லாம் சிரித்த முகமாகப் பில் போடுகிற பெண், வீட்டுக்கு வந்தால் அப்பாவின் தொண்டைக்குக் காவல். "போலீஸ்கார மாரி நிக்கற" என்பார். கடையில் என் போன் அடித்தால் வீட்டிலிருந்துதானோ என்று மனசு அங்கே ஓடிவிடும். எண்களைத் தப்புத் தப்பாக அடிப்பேன். ஒருதரம் அரைக்கிலோ கடுகுக்கு ஐந்து கிலோ பில் போட்டுவிட்டேன். வாங்க வந்தவர், "கடுகுலயே மெத்த தெக்கப்போறனா நானு?" என்று கேட்டார்.

நோயாளியைப் பார்க்க எங்கள் பக்கம் யாரும் வெறுங்கையோடு வரமாட்டார்கள். அது பெரிய பேஜார் ஆயிற்று. ஒவ்வொரு பையிலும் சாத்துக்குடி, வாழைப்பழம். கொண்டுவந்தவர்கள் சும்மா வைத்துவிட்டும் போகமாட்டார்கள். தங்கள் கண் முன்னால் ஒரு சுளையாவது நைனா வாயில் போட்டால்தான் அவர்களுக்கு மனசு ஆறும். நான் நடுவில் புகுந்து, இப்போதுதான் சாப்பிட்டார், அப்புறம் தருகிறேன் என்று பிடுங்கி உள்ளே கொண்டுபோவேன். இந்தப் பெண்ணுக்குத் திமிரைப் பார் என்று சிலர் சொல்லிவிட்டுப் போனதும் உண்டு. அந்தப் பழமெல்லாம் எனக்கும் பவானிக்கும்தான், அதுவும் நைனா கண்ணில் படாமல் கொல்லையில் நின்று. சொல்லக் கூச்சமாக இருக்கிறது, சில வாரம் கை ரொம்ப இழுத்துப் பிடிக்கும்போது, இந்த வாரம் யாராவது பார்க்க வந்தால் இரண்டு நாள் நாஷ்டா ஓடிவிடும் என்றுகூடக் கணக்குப் போட்டிருக்கிறேன்.

எல்லோரும் வந்தார்கள், சித்தப்பா மட்டும் வரவில்லை. அவர் நைனாவின் கூடப்பிறந்த தம்பி. பாகம் பிரித்தபோது திருமுக்கூடல் போகிற வழியில் ஆற்றோரமாக இருந்த தென்னந்தோப்பு அவருக்கும், மேட்டுக்கொல்லை நைனாவுக்கும் வந்தது. தோப்பு தனக்கு வந்திருக்க வேண்டும் என்று நைனாவுக்கு மனசில் பெரிய குறை. வாய்ச்சண்டை முற்றி, அதற்கப்புறம் பேச்சே இல்லை. பஜாரில் எதிரெதிரே வந்தால் ஒருத்தர் பூக்கடையைப் பார்ப்பார், இன்னொருத்தர் வானத்தைப் பார்ப்பார். நைனாவுக்கு உடம்பு சரியில்லை என்று ஊரெல்லாம் தெரிந்தும் அவர் வரவில்லை. நைனா அதைப் பற்றி ஒன்றும் சொல்லமாட்டார். ஆனால் வாசலில் வண்டிச் சத்தம் கேட்டால் தலையைத் தூக்கிப் பார்ப்பார்.

அது கத்திரி வெயில் காலம். ஞாயிற்றுக்கிழமை. அம்மாவுக்கு முழங்கால் வலி, பவானி சிநேகிதி வீட்டுக்குப் போயிருந்தாள் என்று நான் மட்டும் பஜாருக்குப் போய்விட்டு, இரண்டு கையிலும் பையோடு தெருமுனையில் இறங்கினேன். எங்கள் வீட்டு வாசலில் இளநீர் ஏற்றிய குட்டியானை மினி லாரி நின்றுகொண்டிருந்தது. சித்தப்பா வண்டி. உண்மையைச் சொல்கிறேன், எனக்கு முதலில் சந்தோஷம்தான் வந்தது. வேகமாக நடந்தேன். உள்ளே அண்ணனும் தம்பியும் அக்கம்பக்கமாக உட்கார்ந்திருந்தார்கள். சித்தப்பாவின் கண் சிவந்திருந்தது. நைனாவின் மீசையில் ஈரம். அவர் காலடியில் சீவிப்போட்ட இளநீர்க் கூடுகள், ஒன்று இல்லை, நாலைந்து. ஒரு கூட்டைப் பிளந்து வழுக்கையைக்கூட வழித்துச் சாப்பிட்டிருந்தார்கள்.

பையைக் கீழே போட்டேனா, அதுவாக விழுந்ததா என்று தெரியாது. அம்மா எங்கே என்று கேட்டேன். சித்தப்பாவுக்குக் காப்பி போடப் பால் வாங்க ஓடியிருக்கிறார் என்றார் நைனா. அதை ரொம்ப சாதாரணமாகச் சொன்னார்.

"நைனா, இதை யாரு குடிச்சது?"

அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. "அவன் கையால சீவிக் குட்த்தான்" என்றார். "எப்டிம்மா வாணாம்னு சொல்றது?"

எங்கள் பக்கத்தில் பகை தீர்ந்தது என்பதற்கு ஒரே அடையாளம் அதுதான். ஒருத்தர் கையால் கொடுத்ததை இன்னொருத்தர் வாயில் போட வேண்டும். மன்னித்தேன் என்று யாரும் வாயால் சொல்வதில்லை. கொடுத்ததை வேண்டாம் என்றால் உன் உறவும் வேண்டாம் என்று அர்த்தம். நைனாவுக்கு இளநீர் ஆகாது என்று நன்றாகத் தெரியும். தெரிந்துதான் வாங்கினார். தாகமும் இருந்திருக்கும். எது எவ்வளவு என்று நான் பிறகு எத்தனையோ தடவை யோசித்திருக்கிறேன். சித்தப்பாவுக்கு ஒன்றும் தெரியாது. பேச்சுவார்த்தை இல்லாதவருக்கு யார் போய்ச் சொல்லியிருப்பார்கள்? நான் சொன்னபோது அவர் கையில் இருந்த கத்தி நழுவித் தரையில் விழுந்தது. "ஒரு வார்த்த யாரும் சொல்லலியே" என்று அதையே திரும்பத் திரும்பச் சொன்னார்.

மெஷினுக்கு அடுத்த முறை இரண்டு நாள் கழித்துத்தான். ஆஸ்பத்திரிக்குப் போன் செய்தேன், உடனே கூட்டிக்கொண்டு வரச் சொன்னார்கள். அதே வண்டியில்தான் போனோம். முன் சீட்டில் சித்தப்பா வண்டி ஓட்ட, நடுவில் நைனா, ஓரத்தில் நான். பால் பாக்கெட்டோடு வந்த அம்மா கீழே கிடந்த கூடுகளைப் பார்த்தார், பின்னால் ஏறி உட்கார்ந்துகொண்டார். இளநீரை இறக்கிவைக்கக்கூட யாருக்கும் தோன்றவில்லை. ஒவ்வொரு வளைவிலும் காய்கள் உருண்டு தகரத்தில் மோதுகிற சத்தம் கேட்டுக்கொண்டே வந்தது. அவற்றுக்கு நடுவில் அம்மா கம்பியைப் பிடித்துக்கொண்டு குந்தியிருந்தது கண்ணாடியில் தெரிந்தது.

பாதி வழியில் நைனா, "காலு மரத்துப்போற மாரி கீது" என்றார். அவர் நெஞ்சில் கையை வைத்துக்கொண்டேன். அது துடிப்பது என் கைக்குத் தெரிகிறதா, இல்லை வண்டி ஆடுவதுதான் தெரிகிறதா என்று எனக்குப் புரியவில்லை. ஓரிடத்தில் வண்டி நின்றபோது ஒன்றுமே தெரியவில்லை. "நைனா" என்று கத்தினேன். "இன்னாம்மா, இங்கதான கீறேன்" என்றார். பாலாற்றுப் பாலத்தில் ஏறும்போது கீழே துளித் தண்ணீர் இல்லாத மணல், கண் கூசியது. நைனா அதையே பார்த்துக்கொண்டு வந்தார். அவரிடம் ஏதாவது பேசிக்கொண்டே வர வேண்டும் என்று தோன்றியது. அந்த வாரம் என்ன சமைக்கப்போகிறேன் என்று சொல்ல ஆரம்பித்தேன். திங்கட்கிழமை சுரைக்காய், செவ்வாய்க்கிழமை கோஸ், புதன்கிழமை பீர்க்கங்காய். நைனா உம் கொட்டிக்கொண்டே வந்தார். வியாழக்கிழமை என்று ஆரம்பித்தேன், உம் வரவில்லை. திரும்பிப் பார்த்தேன். கண்ணை மூடியிருந்தார். நான் அப்போது பட்ட பயத்தை எழுத எனக்குத் தெரியவில்லை. பிறகு கண்ணைத் திறக்காமலேயே, "வியாயக்கெயம இன்னா?" என்றார்.

ஆஸ்பத்திரியில் நெஞ்சில் ஒயர் ஒட்டி எடுத்த காகிதத்தைப் பார்த்ததும் நர்ஸ் ஓடினார். நர்ஸ் ஓடினால் என்ன அர்த்தம் என்று எங்களுக்குத் தெரிந்திருந்தது. ஊசி போட்டு, வேறு யாருக்கோ ஒதுக்கிய மெஷினில் நைனாவைப் படுக்கவைத்தார்கள். சித்தப்பா வெளியே தரையில் உட்கார்ந்து தலையில் கைவைத்துக்கொண்டார். அம்மா அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்தார். திட்டப்போகிறார் என்று நினைத்தேன். "அவரு சந்தோசமாத்தான் குடிச்சாரு" என்று மட்டும் சொன்னார். நைனா பிழைத்துக்கொண்டார். டாக்டர் என்னைத்தான் வாங்கு வாங்கென்று வாங்கினார். அவர் திட்டத் திட்ட எனக்கு நிம்மதியாக இருந்தது. செத்துப்போனவருக்காக யாரும் திட்டமாட்டார்கள் அல்லவா.

அதற்குப் பிறகு சித்தப்பா ஞாயிற்றுக்கிழமை தவறாமல் வருவார். கையில் ஆப்பிள் பை இருக்கும். வாசலிலேயே என்னைக் கூப்பிட்டு, "இது குட்க்கலாமா?" என்று கேட்டுவிட்டுத்தான் உள்ளே காலை வைப்பார். எனக்கு ஆப்பிள் செலவு மிச்சம். அண்ணனும் தம்பியும் பெரிதாக ஒன்றும் பேசிக்கொண்டதாகத் தெரியவில்லை. பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருப்பார்கள்.

நைனா அதற்கப்புறம் இரண்டு பொங்கல் பார்த்தார். மூன்றாவதற்கு முன்னால், ஒரு மார்கழிக் காலையில் அம்மா எழுப்பப்போனபோது போய்விட்டிருந்தார். சாப்பாட்டினால் இல்லை, இதயமே பலவீனமாகிவிட்டது என்று டாக்டர் சொன்னார். நான் நம்பினேன். ஆனாலும் அந்த வாரம் நாங்கள் ஆக்கியதையெல்லாம் மனசுக்குள் மறுபடி மறுபடி ஆக்கிப் பார்த்துக்கொண்டே இருந்தேன். எந்தக் காயை எத்தனை தண்ணீரில் வடித்தேன், எதில் கவனம் தப்பியது என்று. ஒன்றும் கிடைக்கவில்லை.

இப்போது உத்திரமேரூர் போனால் எனக்கு வழி தப்புகிறது. நான் பில் போட்ட மளிகைக் கடை இல்லை, அதே இடத்தில் தள்ளுவண்டியோடு உள்ளே சுற்றிச் சுற்றி வருகிற பெரிய கடை வந்துவிட்டது. சித்தப்பாவின் தோப்பில் மரம் இல்லை. வரிசையாக மஞ்சள் பெயின்ட் அடித்த கல் நட்டு மனை போட்டிருக்கிறார்கள். கொல்லையில் முருங்கை ஒரு புயலில் சாய்ந்தது. இதெல்லாம் எங்கேயும் போவதுதான். எனக்கு எது போனது என்று தெரிந்தது காரியம் முடிந்த அன்றைக்கு.

கருமாதிப் படையலுக்கு நைனாவுக்குப் பிடித்ததெல்லாம் ஆக்க வேண்டும். அம்மா தக்காளி போட்டார், முருங்கைக்காய் போட்டார், உருளைக்கிழங்கு வறுத்தார், வாழைக்காய் பஜ்ஜி சுட்டார், கருவாட்டுக் குழம்பு வைத்தார். யாரையும் கிட்டே விடவில்லை. எதையும் வடித்துக் கொட்டவில்லை. படையல் சோற்றை முன்னாடி யாரும் ருசி பார்க்கக் கூடாது என்பது உங்களுக்குத் தெரியும். இலை போட்டு, எல்லாவற்றையும் வைத்து, கற்பூரம் காட்டி, விழுந்து கும்பிட்டுவிட்டு நாங்கள் சாப்பிட உட்கார்ந்தோம். நான் குழம்பைப் பிசைந்து ஒரு வாய் வைத்தேன். பவானி என்னைப் பார்த்தாள். சித்தப்பா கை அப்படியே நின்றுவிட்டது. கருவாட்டில் இருந்ததைத் தவிர குழம்பில் உப்பு இல்லை. வறுவலில் இல்லை. ஒன்றிலுமே இல்லை. அம்மாவின் கை அத்தனை நாள் பழகிய பழக்கத்தில் உப்பு ஜாடிப் பக்கமே போகவில்லை.

மீதி வைக்காமல் சாப்பிட்டோம். அம்மா கடைசியாக உட்கார்ந்து ஒரு வாய் போட்டார். நைனாவின் படத்தை நிமிர்ந்து பார்த்தார். "இப்பக்கூட உப்பு போடலியே நானு" என்றார்.

நான் எழுந்து உள்ளே போய் உப்பு ஜாடியைக் கொண்டுவந்தேன். படத்துக்கு முன்னாலிருந்த இலையில் போடுவதற்காக ஒரு சிட்டிகை எடுத்தேன். அந்த நேரத்தில் அவர் போய்விட்டது எனக்கு ஞாபகமில்லை. நைனாவுக்கு உப்பு ஆகாதே என்று நெஞ்சு திக்கென்றது, அவ்வளவுதான். யாராவது தடுப்பார்கள் என்று அம்மாவைப் பார்த்தேன். அம்மா, "போடு" என்றார். போட்டேன். இலையில் விழுந்தது. ஒன்றும் ஆகவில்லை. சோறு வைத்தது வைத்தபடி இருந்தது. எங்கள் வீட்டுச் சமையலில் நைனாவுக்காக நான் பயந்தது அதுதான் கடைசி.